ஓடும் சர்வரில் பவர் சப்ளையும் ஃபேனும் மாற்ற வேண்டும்: எதை முதலில்?

இரண்டுயு_பெட்டி:
2யு (ரேக் அலமாரியில் இரண்டு அலகு உயரம்) ரேக் சர்வர். பின்னால் 750 வாட் பவர் சப்ளை இரண்டு, உள்ளே ஹாட்-ஸ்வாப் (சர்வர் ஓடும்போதே மாற்றக்கூடிய) ஃபேன் ஆறு. பவர் சப்ளை 2-இல் ஆம்பர் (ஆரஞ்சு நிற) எச்சரிக்கை விளக்கு எரிகிறது. பி.எம்.சி. (சர்வரைக் கண்காணிக்கும் தனிச் சிப்) பதிவில் ரிடண்டன்சி, அதாவது ஒன்று போனால் மற்றொன்று தாங்கும் வசதி, போய்விட்டதாக இருக்கிறது. ஃபேன் 4 சுழற்சி 0 என்று காட்டுகிறது, மற்ற ஐந்தும் முழு வேகத்தில் கத்துகின்றன. மொத்த லோடு 410 வாட். கையில் இருப்பது அதே பார்ட் எண் கொண்ட ஃபேன் ஒன்று, வேறொரு சர்வரில் கழற்றிய 1100 வாட் பவர் சப்ளை ஒன்று. வடிவம் ஒன்றுதான், உள்ளே போய் உட்காரும். சர்வரை நிறுத்தாமல் இரண்டையும் மாற்றலாமா?

மின்பாதை:
1100-ஐப் போடாதீர்கள். உட்காருவது வேறு, வேலை செய்வது வேறு. இரண்டும் லோடைப் பகிர்ந்துகொள்ள வேண்டியவை என்பதால் பெரும்பாலான சர்வர்கள் வாட் வேறுபட்டால் 'பொருந்தவில்லை' என்று பதிவு செய்து புதியதை ஒதுக்கிவிடும். வாட், செயல்திறன் வகுப்பு இரண்டும் ஒத்திருக்க வேண்டும். பார்ட் எண்ணே ஒன்றாக இருந்தால் இன்னும் நல்லது. லேபிளில் உள்ளீட்டையும் படியுங்கள். 200–240 வோல்ட்டில் மட்டும் ஓடுவது உண்டு, அதே உருவத்தில் மைனஸ் 48 வோல்ட் டி.சி. வகையும் உண்டு.

அதற்கும் முன், பழையது உண்மையிலேயே செத்துவிட்டதா என்று பாருங்கள். பதிவில் 'உள்ளீடு இல்லை' என்றிருந்தால் கேபிளிலோ பி.டி.யு.விலோதான் (ரேக்கின் மின் அவுட்லெட் பட்டை) கோளாறு, பவர் சப்ளையில் செருகும் சி13 முனை பாதி வெளியே வந்து நிற்பது மிகச் சாதாரணம். சோதிக்கும்போது பவர் சப்ளை 1-இன் கேபிளைத் தொடவே கூடாது. வேறு நல்ல கேபிளை வேறு அவுட்லெட்டில் செருகி 2-க்குக் கொடுத்துப் பாருங்கள்.

மாற்றும் முறை: முதலில் கேபிளைப் பிடுங்கி, வெல்க்ரோ பட்டையைத் தளர்த்துங்கள். லாட்ச்சை அழுத்தியபடி கைப்பிடியை நேராக இழுங்கள், மறு கையால் அடியில் தாங்கிக்கொள்ளுங்கள். காலி ஸ்லாட்டுக்குள் டார்ச் அடித்து, கனெக்டரில் வளைந்த பின் இருக்கிறதா பாருங்கள். பின் வளைந்திருந்தால் புதியதையும் அது கெடுக்கும். 'டக்' என்று லாட்ச் விழும்வரை தள்ளிய பிறகே கேபிள். பச்சை நிலையாக எரிய வேண்டும். எரிந்தாலும் ஒன்று 0 வாட் காட்டினால் பதறாதீர்கள். லோடு குறைவாக இருக்கும்போது ஒன்றை உறங்கவைக்கும் அமைப்பு பல சர்வர்களில் உண்டு.

புதிய பவர் சப்ளையும் அதே ஸ்லாட்டில் ஆம்பர் காட்டினால், கோளாறு பெரும்பாலும் உள்ளே இருக்கும் மின் பகிர்வு போர்டில். அதற்கு நிறுத்தியே ஆக வேண்டும். கழற்றியதைத் திறந்து பார்க்கும் ஆசை வேண்டாம். முதன்மைக் கபாசிட்டரில் 400 வோல்ட் அளவுக்கு மின்னேற்றம் தங்கியிருக்கலாம்.

காற்றுவழி:
வரிசையைப் பற்றி ஒன்று. பவர் சப்ளை முதலில், ஃபேன் பிறகு. ஃபேனுக்கு மூடியைத் திறக்க சர்வரை ரெயிலில் முன்னால் இழுக்க வேண்டும். இப்போது உயிரோடிருப்பது ஒரே பவர் சப்ளை. அதன் கேபிள் கொஞ்சம் இறுக்கமாக இருந்தால் இழுக்கும்போது கழன்றுவிடும், அத்தோடு சர்வர் அணைந்துவிடும். இன்னொரு விஷயம், ஃபேன் லேபிளில் 12 வோல்ட், 2 ஆம்பியர் என்றிருந்தால் ஒன்றுக்கு 24 வாட். ஐந்தும் முழு வேகத்தில் என்றால் உங்கள் 410-இல் 120 வரை அதுவே. ஃபேன் மாறினால் லோடும் இறங்கும்.

புதிய ஃபேனைப் பிரித்துக் கையருகே வைத்துவிட்டு மூடியைத் திறங்கள். மூடி இல்லாவிட்டால் காற்று ஹீட்சிங்க் (பிராசசர் மேலுள்ள, சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடுகள்) வழியாகப் போகாமல் மேலே சிதறும். ஃபேன் எவ்வளவு கத்தினாலும் பிராசசர் சூடேறும். ஐந்து நிமிடத்துக்குள் மூடிவிடுங்கள். மூடியின் உட்புறத்தில் உற்பத்தியாளரே நேரம் குறித்திருந்தால் அதுதான் கணக்கு. பிளாஸ்டிக் காற்றுத் தடுப்பைத் தூக்க வேண்டியதில்லை. பிளேடு நிற்கும்வரை விரலை உள்ளே விடாதீர்கள். ஃபேன் சட்டகத்தின் அம்புக்குறி பின்பக்கம் நோக்கியிருக்கிறதா என்று பார்த்து நேராக அழுத்துங்கள். ஒரே நேரத்தில் ஒரு ஃபேன்தான்.

ஃபேன் கேபிள் வழியாக போர்டில் இணைந்திருந்தால் அது ஹாட்-ஸ்வாப் இல்லை, நிறுத்தித்தான் மாற்ற வேண்டும்.

இரண்டுயு_பெட்டி:
கேபிள் மாற்றிப் பார்த்தாயிற்று, ஆம்பர் போகவில்லை. 750 வாட்டே வரவழைக்கிறேன். அதுவரை கெட்டதைக் கழற்றி வைத்துவிடலாமா? சத்தம் தாங்கவில்லை, மெதுவாகச் சுற்றும் ஃபேன்களாக ஆறையும் மாற்றினால்?

மின்பாதை:
கழற்றாதீர்கள். காலி ஸ்லாட் வழியாகச் சூடான காற்று திரும்ப உள்ளே வரும். கழற்றியே ஆக வேண்டுமென்றால் வெற்று மூடி போடுங்கள்.

காற்றுவழி:
மெதுவான ஃபேன் போட்டால் சத்தம் இன்னும் மோசமாகும். சுழற்சி கீழ்வரம்புக்குக் கீழே போனதும் பி.எம்.சி. அதைப் பழுது என்று எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் முழு வேகத்துக்கு ஏற்றும், வரம்பைத் தாண்டியதும் இறக்கும், மறுபடி ஏற்றும். ஐ.பி.எம்.ஐ. (பி.எம்.சி.க்குக் கட்டளை கொடுக்கும் முறை) மூலம் வரம்பைத் தாழ்த்தலாம்தான், ஆனால் அடர்ந்த ஹீட்சிங்க் வழியே காற்றைத் தள்ளத் தேவையான அழுத்தம் அந்த ஃபேன்களுக்குக் கிடையாது. கையிலிருக்கும் ஒன்றைப் போட்டாலே சத்தம் அடங்கும். அடங்கவில்லை என்றால் ஃபேன் சரியாக உட்கார்ந்ததா, முன்புற டிரைவ் இடங்களில் வெற்றுத் தட்டு ஏதாவது விடுபட்டிருக்கிறதா என்று பாருங்கள்.