பொருள்: கரிமத்தின் மேல் ஆக்சிஜனைத் தடுக்கும் அடுக்கு – என்ன பெயர் வைக்கலாம்?

> “வெப்பக் காப்புப் பூச்சு” என்றே வைத்துவிடலாமே. எளிதாக இருக்கிறது.

எளிதுதான் ஐயா, ஆனால் பொருள் தவறிவிடும். கரிமத்துக்கு வெப்பம் பகையே இல்லை. எதனோடும் வினைபுரியாத ஆர்கான் வாயு நிரப்பிய உலையில் 2000 டிகிரி செல்சியஸிலும் வலு குறையாமல் நிற்கும். காற்றுப் பட்டால்தான் வம்பு. 500 டிகிரியை ஒட்டியே ஆக்சிஜனோடு சேர்ந்து வாயுவாகக் கரைந்து போகிறது. இந்த அடுக்கு வழியாகச் சூடு தாராளமாக உள்ளே போகும். தடுக்க வேண்டியது ஆக்சிஜனை.

“பூச்சு” என்பதிலும் எனக்கு ஒப்புதல் இல்லை. அமெரிக்க விண்ணோடங்களின் மூக்கிலும் இறக்கை முன்விளிம்பிலும் இருந்த கரிம-கரிமக் கலப்புப்பொருளை, அதாவது கரிம இழைகளைக் கரிமத்தாலேயே பிணைத்த பொருளைப், பாருங்கள். அலுமினா, சிலிக்கான், சிலிக்கான் கார்பைடு தூள்களுக்குள் பாகத்தைப் புதைத்து, ஆர்கானில் சுமார் 1760 டிகிரிக்குச் சூடாக்கினார்கள். மேற்பரப்பில் இருந்த கரிமமே சிலிக்கான் கார்பைடாக மாறியது. யாரும் எதையும் பூசவில்லை. ஆறும்போது அந்த அடுக்கு உள்ளிருக்கும் கரிமத்தைவிட அதிகம் சுருங்குவதால் மயிரிழை விரிசல்கள் விழும். அவற்றை அடைக்க மேலே சோடியம் சிலிக்கேட் கண்ணாடி கொடுத்தார்கள். சூட்டில் அது இளகி விரிசலுக்குள் இறங்கும். பூச்சு என்றால் இதைத்தான் சொல்லலாம்.

என் பரிந்துரை: பொதுப்பெயர் “ஆக்சிஜன்தடை மேலடுக்கு”, விரிசலை மூடுவது “அடைபூச்சு”. “ஆக்சிஜன் காப்பு” மட்டும் வேண்டாம், வனக்காப்பு மாதிரி ஆக்சிஜனைக் காப்பாற்றுவதாக ஒலிக்கிறது.

---

> ஆக்சிஜன்தடை மேலடுக்கு

மேலடுக்கு சரி. “தடை”தான் இடிக்கிறது. சிலிக்கான் கார்பைடும் ஆக்சிஜனேற்றம் அடையத்தான் செய்கிறது. அதில் உண்டாகும் மெல்லிய சிலிக்காப் படலம்தான் அடுத்து வரும் ஆக்சிஜனை மறிக்கிறது. காற்றழுத்தம் மிகக் குறைந்த இடத்தில், கடும் சூட்டில், அந்தப் படலமும் உருவாகாது. சிலிக்கான் மோனாக்சைடு வாயுவாகவே போய்விடும். அப்போது தடை எங்கே? “ஆக்சிஜனேற்றம் தாங்கும் மேலடுக்கு” என்றால்? கொஞ்சம் நீளம்தான்.

---

நீளம் மட்டுமில்லை, அடுக்கு எதைத் தாங்குகிறது என்பதாகப் பேச்சு திரும்பிவிடுகிறது. அடியில் இருக்கும் கரிமத்துக்கு அது என்ன செய்கிறது என்பதே பெயரில் வர வேண்டும். எந்தத் தடைக்கும் ஓர் எல்லை உண்டு; அந்தத் தாழ்ந்த அழுத்த விவகாரத்தை விளக்கக் குறிப்பில் எழுதிக்கொள்ளலாம். தடையே இருக்கட்டும்.

அப்புறம், இலங்கைப் பாடநூல்களில் ஒட்சிசன் என்றுதான் படிக்கிறார்கள். “ஒட்சிசன்தடை மேலடுக்கு” என்பதையும் இணைச்சொல்லாகக் கலைச்சொல் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.