அம்மாவின் லேண்ட்லைன் டிஜிட்டலுக்கு மாறுது, அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கோ

வணக்கம் உறவுகளே. லண்டன் ஹரோவில் தனியாக இருக்கிற அம்மாவின் வீட்டுக்கு அடுத்த கிழமை ஃபுல் ஃபைபர் (கண்ணாடி இழை இணைய இணைப்பு) போட ஆள் வருகினம். பழைய போன் சேவையை 2027 ஜனவரிக்குள் பிரித்தானியா முழுக்க நிறுத்துவதால் மாறத்தான் வேணும்.

வேகம் பற்றி எனக்குக் கவலை இல்லை. கவலையெல்லாம் அம்மா கழுத்தில் போட்டிருக்கிற, பொத்தானை அமத்தினால் போன் லைன் வழியாக உதவிக்கு ஆளைக் கூப்பிடும் அவசர அலாரம்தான். அதன் பெட்டி இப்போது சுவரில் உள்ள போன் சொக்கெட்டில் மாட்டியிருக்கு. இனி போன் வயர் ரௌட்டரின் பின்பக்கம் போகும். அலாரப் பெட்டி அதில் வேலை செய்யுமா, சிம் போட்ட புதுப் பெட்டி வேணுமா? உங்கட கவுன்சில் மாற்றித் தந்ததா, காசு கேட்டதா?

அடுத்தது கரண்ட். பழைய வயர் போனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வரும். வீடு இருட்டானாலும் அவசர உதவிக்கு 999 அடிக்கலாம். இனி ரௌட்டர் நின்றால் போனும் நிற்கும். லேண்ட்லைனை நம்பி இருப்பவர்களுக்குக் கரண்ட் போனாலும் குறைந்தது 1 மணித்தியாலம் அவசர அழைப்பு எடுக்க வழி வேணும் என்பது ஆஃப்கொம் (இங்கத்தைய தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பு) விதி. அம்மாவிடம் மொபைல் இருக்கு, ஆனால் வீட்டுக்குள் சிக்னல் வராது. கரண்ட் போனால் ரௌட்டரை ஓட்டப் பற்றரி வாங்கினவர்கள் போன் கம்பனியிடம் என்ன சொல்லிக் கேட்டீங்கள்? அது உண்மையில் எவ்வளவு நேரம் தாங்குது?

சுவரில் துளை போடும் இடத்தை நாங்களே காட்டலாமா? வாசலுக்குக் கிட்ட சாமித்தட்டு இருக்கு, அதைத் தொடவேண்டாம் என்கிறார் அம்மா. மாடியில் உள்ள எக்ஸ்டென்ஷன் போனுக்குப் பதிலாகக் கட்டிலுக்குப் பக்கத்தில் கோட்லெஸ் போன் வைத்தால் போதுமா?

வயதான பெற்றோர் வீட்டில் இதைச் செய்து முடித்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கோ.