மார்ச்சில் .400 அடித்தவரை அணியில் எடுத்துத்தான் ஆக வேண்டுமா?

குமரன் (டொரொண்டோ):
ஒவ்வொரு மார்ச்சிலும் நமக்குள் இதே சண்டை வருகிறது. மேஜர் லீக் (பெரிய லீக்) பேஸ்பால் சீசன் தொடங்கும் முன், புளோரிடாவில் 15 அணிகள், அரிசோனாவில் 15 அணிகள் என்று ஒரு மாதத்துக்கு மேல் பயிற்சி ஆட்டம் (ஸ்பிரிங் டிரெயினிங்) ஆடுகின்றன. யாரோ ஒரு இளம் பேட்டர் நாற்பது, ஐம்பது முறை மட்டை பிடித்து .400 (பத்துக்கு நான்கு ஹிட் என்ற ஆவரேஜ்) அடித்துவிடுகிறார். உடனே "இவரை மைனர் லீகுக்கு, அதாவது கீழ்நிலை லீகுக்கு, அனுப்பினால் அநியாயம்" என்று கிளம்பிவிடுகிறோம். நான் நேராகவே சொல்கிறேன்: ஸ்பிரிங் டிரெயினிங் ஆவரேஜை வைத்து ஒருவரை எடுக்கவும் கூடாது, கழிக்கவும் கூடாது.

நம்ம டொரொண்டோ அணி புளூ ஜேஸையே பாருங்கள். 2025 மார்ச்சில் ஆலன் ரோடன் .400-க்கு மேல் அடித்தார். தொடக்க நாள் அணியில் இடம் கிடைத்தது. அந்த சீசனில் டொரொண்டோவுக்காக அவர் அடித்தது .204. ஜூலைக் கடைசியில் மின்னசோட்டாவுக்கு டிரேட் செய்துவிட்டார்கள். 2013-இல் பாஸ்டனின் ஜாக்கி பிராட்லி ஜூனியர் மார்ச்சில் .419, சீசனில் 37 ஆட்டங்களில் .189. அதே வருடம் மின்னசோட்டாவின் ஆரன் ஹிக்ஸ் மார்ச்சில் .370, சீசனில் .192.

50 முறை மட்டை பிடித்து 20 ஹிட் என்றால் .400. 15 ஹிட் என்றால் .300. நடுவில் இருப்பது ஐந்தே ஐந்து பந்துகள். வெயில் கண்ணில் பட்டு ஃபீல்டர் விட்ட பந்து ஒன்று, கோட்டோரம் தப்பி விழுந்த பந்து ஒன்று என்று எண்ணினால் அந்த ஐந்தும் வந்துவிடும். இதை நம்பி 162 ஆட்டத்துக்கு அணி அமைப்பதா?

சீனிவாசன்:
குமரன், தோற்றவர்களை மட்டும் எடுத்துப் பட்டியல் போட்டால் எதையும் நிரூபிக்கலாம். 2001 மார்ச்சை எடுத்துக்கொள்ளுங்கள். ஆல்பர்ட் பூஹோல்ஸ் 1999 டிராஃப்டில் (அணிகள் புது வீரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுப்பது) 13-ஆவது சுற்று வரை யாரும் தொடாத ஆள். கார்டினல்ஸ் அணியின் முகாமுக்கு அவர் வந்தபோது அணியின் 40 பேர் பட்டியலில்கூட இல்லை, வெறும் அழைப்பின் பேரில் வந்தவர். திரும்ப மைனருக்குப் போவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மார்ச் முழுக்க அடித்தார். பாபி பொனீயாவுக்குக் காயம் பட்டதும் இடம் திறந்தது. அந்த வருடம் .329, 37 ஹோம் ரன், 130 ஆர்.பி.ஐ. (அவர் அடித்ததால் அணிக்கு வந்த ரன்கள்). ரூக்கி ஆஃப் தி இயர் (சிறந்த புதுமுகம்) விருது ஒருமனதாகக் கிடைத்தது. "மார்ச்சில் நடப்பது கணக்கில் வராது" என்ற உங்கள் விதி அன்றைக்கு இருந்திருந்தால் அவர் மைனர் லீகின் மேல்படியான டிரிபிள்-ஏ-க்குப் போகும் பஸ்ஸில் ஏறியிருப்பார்.

2018-இல் அட்லாண்டாவின் ரொனால்ட் அகூன்யாவும் மார்ச்சில் .432 அடித்தார். அந்த வருட ரூக்கி விருது அவருக்குத்தான்.

குமரன் (டொரொண்டோ):
பூஹோல்ஸ் மார்ச்சில் முளைத்தவர் இல்லை. 2000-இல் மிட்வெஸ்ட் லீகின் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கிவிட்டுத்தான் அந்த முகாமுக்கு வந்தார். அகூன்யா அப்போதே மைனர் லீகுகளின் முதல் வரிசை இளம் வீரர்களில் ஒருவர். இவர்களைப் பற்றி மார்ச் நமக்குப் புதிதாக என்ன சொன்னது? ஏற்கெனவே தெரிந்ததைத் திரும்பச் சொன்னது.

புதிதாகச் சொல்லும்போதுதான் அது ஏமாற்றுகிறது. 2011-இல் பால்டிமோரின் ஜேக் ஃபாக்ஸ் ஸ்பிரிங் டிரெயினிங்கில் 10 ஹோம் ரன் அடித்தார். அந்த மார்ச்சில் அவ்வளவு ஹோம் ரன் வேறு யாருக்கும் இல்லை. சீசனில் அவருக்கு வந்தவை 2.

மேசா ரவி:
நான் அரிசோனாவில் இருக்கிறேன். மார்ச் வந்தால் முடிந்த ஆட்டங்களுக்கெல்லாம் போய்விடுவேன். எண்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஒரு ஆட்டத்தையாவது முழுசாகப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன், ஏனென்றால் நான்காவது, ஐந்தாவது இன்னிங்ஸோடு பெரிய வீரர்கள் பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அப்புறம் களத்தில் நிற்பவர்களின் ஜெர்சியில் 80, 90 என்று எண்கள். பாதிப் பேர் முந்தைய வருடம் டிரிபிள்-ஏ-க்கு ஒரு படி கீழான டபுள்-ஏ-யில் ஆடியவர்கள். எட்டாவது இன்னிங்ஸில் அப்படி ஒரு பிட்சரிடம் அடித்த ஹோம் ரனும், முதல் இன்னிங்ஸில் சை யங் விருது (சிறந்த பிட்சருக்கானது) வாங்கியவரிடம் அடித்த ஹோம் ரனும் பட்டியலில் ஒரே மாதிரிதான் ஏறுகின்றன.

இதற்காகவே பேஸ்பால் ரெஃபரன்ஸ் தளம் மார்ச் எண்களோடு எதிராளியின் தரத்தையும் போடுகிறது. பெரிய லீக் என்றால் 10, டிரிபிள்-ஏ என்றால் 8, டபுள்-ஏ என்றால் 7. ஆவரேஜைப் பார்ப்பதற்கு முன்னால் அந்தப் பத்தியைப் பாருங்கள்.

இன்னொன்று, இங்கே காற்று வறண்டது. பந்து தூரம் போகும், கர்வ் பால் சரியாக வளையாது. அரிசோனாவில் ஒரு பிட்சரின் இ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் விட்டுக்கொடுக்கும் ரன்) 7 என்று பார்த்துப் பயந்துவிடாதீர்கள். பெரிய பிட்சர் ஒருவர் ஒரு முழு இன்னிங்ஸும் சேஞ்ச்அப் என்ற மெதுவான பந்தை மட்டுமே வீசிப் பழகுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அடி வாங்கிக்கொண்டே வீசினார், அவருக்கு அன்றைக்கு வேண்டியது விரல் பிடிப்பு மட்டும்தான். நம் ஊர்க் கிரிக்கெட்டில் வலைப்பயிற்சியில் போல்டானதை யாராவது ஸ்கோர் ஷீட்டில் எழுதுகிறார்களா?

சீனிவாசன்:
ரவி சொல்வது எல்லாம் சரி. அதற்காக மொத்தத்தையும் தூக்கி எறிய வேண்டியதில்லை. எந்த எண்ணைப் பார்க்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஜான் டூவன் என்ற புள்ளிவிவர நிபுணர் பல வருட மார்ச்சுகளைப் பார்த்து ஒன்றைச் சொன்னார். ஒரு பேட்டரின் மார்ச் மாத ஸ்லக்கிங் (ஒரு முறை மட்டை பிடித்தால் சராசரியாக எத்தனை பேஸ் என்ற கணக்கு), அவருடைய அதுவரையான ஸ்லக்கிங்கைவிட 200 புள்ளிகளுக்கு (.200) மேல் இருந்தால், அந்த சீசனில் அவர் தன் வழக்கமான அளவைத் தாண்டுவதற்கு 60 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு. நூற்றுக்கு நூறு இல்லைதான். ஆனால் காசு சுண்டிப் போடுவதைவிட மேல்.

அதைவிட எனக்கு முக்கியம் ஸ்ட்ரைக்அவுட், அதாவது மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட் ஆவது. ரசல் கார்ல்டன் செய்த ஆய்வுப்படி ஆவரேஜ் நிலைப்பட ஒரு முழு சீசனே போதாது. ஸ்ட்ரைக்அவுட் விகிதமோ சுமார் 60 முறை மட்டை பிடித்தாலே ஓரளவு நிலைக்கு வந்துவிடுகிறது. மார்ச்சில் ஒருவருக்குக் கிடைப்பது கிட்டத்தட்ட அவ்வளவுதானே! போன வருடம் நூற்றுக்கு முப்பது முறை ஸ்ட்ரைக்அவுட் ஆனவர் இந்த மார்ச்சில் பதினைந்து முறை மட்டும் ஆகிறார் என்றால், ஆவரேஜ் .220 ஆக இருந்தாலும் நான் அவரை உற்றுப் பார்ப்பேன்.

மாலதி:
குமரன் அண்ணா, நீங்கள் "கழிக்கவும் கூடாது" என்று சொன்னதை யாரும் கவனிக்கவில்லை. எனக்கு அதுதான் முக்கியம். 2018 மார்ச்சில் ஷோஹே ஓட்டானியைப் பற்றி என்னென்ன எழுதினார்கள்! 32 முறை மட்டை பிடித்து 4 ஹிட், .125. அவர் பந்தும் வீசுபவர்; பிட்சராக இ.ஆர்.ஏ. 27.00. இவர் மைனர் லீகில் ஆரம்பிக்க வேண்டியவர் என்று பத்திரிகைகளில் வந்தது. சீசன் தொடங்கி, ஓக்லாந்தில் முதல் முறை மட்டை பிடித்தபோது முதல் பந்திலேயே ஹிட். வருடக் கடைசியில் .285, 22 ஹோம் ரன், இ.ஆர்.ஏ. 3.31, ரூக்கி விருது.

ஆனால் அந்த மார்ச்சில் பார்க்க ஒன்றுமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். முகாமின் கடைசி நாட்களில் அவர் முன்காலை உயர்த்தி அடிப்பதை விட்டுவிட்டு, கால் விரல் நுனியை லேசாக ஊன்றி அடிக்க ஆரம்பித்தார். பெரிய லீக் வேகத்துக்கு நேரம் பிடிபட்டது அதனால்தான். .125 என்ற எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அந்தக் காலைக் கவனிக்கவில்லை.

பிட்சருக்கு வேகம் பாருங்கள். ராய் ஹாலடே உங்கள் டொரொண்டோவில் வளர்ந்தவர், இரண்டு சை யங் வாங்கியவர். 2013 மார்ச்சில் பிலடெல்பியா முகாமில் அவர் ஃபாஸ்ட்பால் வேகம் இறங்கிவிட்டது என்று கவலையாகப் பேசினார்கள். மார்ச்தானே, சூடு பிடிக்கும் என்றும் சிலர் சொன்னார்கள். மே மாதம் தோள்பட்டையில் அறுவை சிகிச்சை. அந்த வருட இ.ஆர்.ஏ. 6.82. டிசம்பரில் ஓய்வு அறிவித்தார். தோள் வலிக்கும்போது வேகமானி பொய் சொல்லாது.

குமரன் (டொரொண்டோ):
ஹாலடேயைப் பற்றி நினைத்தாலே மனசு கனக்கிறது. மாலதி சொல்வதை ஏற்பதில் எனக்குத் தடையே இல்லை, ஏனென்றால் நான் எதிர்ப்பது ஆவரேஜையும் இ.ஆர்.ஏ.யையும்தான். சீனிவாசனின் ஸ்ட்ரைக்அவுட் விஷயத்தில் மட்டும் ஒரு கேள்வி. அந்த அறுபது முறையும் யாருக்கு எதிராக? ரவி சொன்ன 90-ஆம் எண் பிட்சர்களுக்கு எதிராக என்றால், அது குறைந்ததில் என்ன வியப்பு?

சீனிவாசன்:
போன மார்ச்சிலும் அதே 90-ஆம் எண் பிட்சர்கள்தானே இருந்தார்கள்? மார்ச்சை மார்ச்சோடு ஒப்பிடுங்கள், போதும்.

அன்பழகன்:
நீங்கள் எல்லோரும் கிளப்புகள் நேர்மையாகத் தேர்வு நடத்துகின்றன என்று நம்பிப் பேசுகிறீர்கள். எனக்கு அந்த நம்பிக்கை போய்விட்டது.

2015-இல் சிகாகோ கப்ஸ் முகாமில் கிரிஸ் பிரையன்ட் 40 முறை மட்டை பிடித்து 9 ஹோம் ரன், .425. அந்த மார்ச்சில் அவரைவிட நன்றாக ஆடியவர் யார்? அவரை மைனருக்கு அனுப்பினார்கள். ஃபீல்டிங் இன்னும் தேற வேண்டும் என்றார்கள். ஏப்ரல் 17-ஆம் தேதி மேலே கூப்பிட்டார்கள். ஒரு முழு சர்வீஸ் வருடத்துக்கு (பெரிய லீக் அணியில் இருந்த காலக் கணக்கு) 172 நாட்கள் வேண்டும். அவருக்கு அந்த சீசனில் வந்தது 171. ஒரே ஒரு நாள் குறைந்ததால் 2020-க்குப் பிறகு ஃப்ரீ ஏஜென்ட் (எந்த அணியோடும் ஒப்பந்தம் போடலாம்) ஆக வேண்டியவர் 2021 வரை காத்திருந்தார். வீரர்கள் சங்கம் வழக்காடியது, 2020-இல் நடுவர் கிளப் பக்கம் தீர்ப்புச் சொன்னார். அகூன்யாவையும் .432-க்குப் பிறகு கீழே அனுப்பி, ஏப்ரல் 25 வரை வைத்திருந்தார்களே, சீனிவாசன் அதை ஏன் சொல்லவில்லை?

மோசமாக ஆடினால் "மார்ச் எண்கள் சொல்கின்றன" என்று கீழே அனுப்புவார்கள். நன்றாக ஆடினால் "மார்ச் எண்களுக்கு அர்த்தம் இல்லை" என்று கீழே அனுப்புவார்கள். இருபது வயசுப் பையன் எதை நம்பி உழைப்பான்?

மேசா ரவி:
வீரர்கள் சங்கத்தோடு போட்ட 2022 ஒப்பந்தத்தில் இதற்குக் கொஞ்சம் வழி செய்தார்கள். முதல் வரிசை இளம் வீரரைத் தொடக்கத்திலிருந்தே அணியில் வைத்து, அவர் பெரிய விருது வாங்கினால் கிளப்புக்குக் கூடுதல் டிராஃப்ட் வாய்ப்பு கிடைக்கிறது.

குமரன் (டொரொண்டோ):
அன்பழகன், பிரையன்ட் விஷயத்தில் நீங்கள் சொல்வதோடு முழுசாக உடன்படுகிறேன். ஆனால் கீழே அனுப்பிய எல்லோரும் அநியாயத்துக்கு ஆளானவர்கள் இல்லை. 2024-இல் பால்டிமோர் ஜாக்சன் ஹாலிடேயை மார்ச்சில் .311 அடித்த பிறகும் கீழே அனுப்பியது. இதே மாதிரிதான் ஊரே சத்தம் போட்டது. ஏப்ரல் 10-ஆம் தேதி மேலே வந்தார். 34 முறை மட்டை பிடித்து 2 ஹிட், 18 ஸ்ட்ரைக்அவுட். இரண்டே வாரத்தில் திரும்பக் கீழே போனார். பெரிய லீக் பிட்சர் தன் எல்லாப் பந்தையும் கையில் எடுக்கும் நாள் ஏப்ரலில்தான் வருகிறது. அதற்கு மார்ச்சில் ஒத்திகை கிடையாது.

மாலதி:
பத்து ஆட்டத்தில் 34 முறை என்பதும் சின்ன எண்ணிக்கைதானே அண்ணா? மார்ச்சின் ஐம்பது முறை போதாது என்றால் ஏப்ரலின் முப்பத்து நாலு எப்படிப் போதும்?

குமரன் (டொரொண்டோ):
2 ஹிட் என்பதை விட்டுவிடுங்கள். 34-இல் 18 ஸ்ட்ரைக்அவுட் என்பதைப் பாருங்கள். சீனிவாசனின் அளவுகோலைத்தான் நானும் வைக்கிறேன்.

சீனிவாசன்:
அப்படியானால் நாம் ஒரே இடத்தில்தான் நிற்கிறோம், ஒன்றைத் தவிர. நான் மேனேஜராக இருந்து, பெஞ்சில் ஒரே ஒரு இடம் மிச்சம், இரண்டு பேர் கிட்டத்தட்ட சமம் என்றால், மார்ச்சில் நன்றாக அடித்தவரைத்தான் எடுப்பேன். அந்த முகாமில் இருந்த மற்ற இருபத்தைந்து பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உழைத்து அடித்தவரை விட்டுவிட்டால் அடுத்த மார்ச்சில் யார் உயிரைக் கொடுத்து ஆடுவார்கள்?

குமரன் (டொரொண்டோ):
நான் எடுக்க மாட்டேன். யாருக்கு மைனர் லீக் ஆப்ஷன் (தடையின்றிக் கீழே அனுப்பும் வாய்ப்பு) தீர்ந்துவிட்டது என்று பார்ப்பேன். ஆப்ஷன் இல்லாதவரைக் கீழே அனுப்ப வேண்டுமென்றால் வேவர்ஸில் (மற்ற அணிகள் கேட்டு எடுக்கக்கூடிய பட்டியல்) போட வேண்டும், வேறு அணி பதிலுக்கு வீரர் யாரையும் தராமலே கொத்திக்கொண்டு போய்விடும். ஆப்ஷன் இருப்பவர் மூன்று வாரம் டிரிபிள்-ஏ-யில் ஆடிவிட்டு மேலே வரலாம். ஐந்து ஹிட்டுக்காக ஒரு வீரரை நிரந்தரமாக இழக்க நான் தயாராக இல்லை.

அன்பழகன்:
அந்த மூன்று வாரம் அவருடைய வாழ்க்கையில் எத்தனை சர்வீஸ் நாட்கள் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள் குமரன்.