சளி பிடித்தாலே பையனுக்குக் காது வலி: ஒவ்வொரு தடவையும் ஆன்டிபயாடிக் வேண்டுமா?

தென்றல்:
பையனுக்கு மூன்று வயது. மூக்கு ஒழுக ஆரம்பித்து இரண்டு மூன்று நாளில் ராத்திரி காதைப் பிடித்துக்கொண்டு அழுகிறான். போன தடவை டாக்டர் ஆன்டிபயாடிக் கொடுத்தார், இந்தத் தடவை வேறொரு டாக்டர் பாராசிட்டமால் மட்டும் எழுதி, இரண்டு நாள் பார்ப்போம் என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. பெரியவர்களுக்கு இப்படி வருவதில்லையே, இவனுக்கு மட்டும் ஏன்?

வெண்மேகம்:
இவனுக்கு மட்டும் இல்லைங்க, இந்த வயதில் நிறைய குழந்தைகளுக்கு வரும். நடுக்காதையும் மூக்கின் பின்பகுதியையும் இணைக்கும் யூஸ்டேஷியன் குழாய் சின்னக் குழந்தைகளுக்குக் குட்டையாகவும் கிட்டத்தட்டப் படுக்கைவாட்டிலும் இருக்கும், சளியில் அது வீங்கி அடைத்துக்கொண்டால் செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கி அதில் கிருமி வளர்கிறது, அந்த அழுத்தம்தான் வலி. வளர வளரக் குழாய் நீண்டு சரிவாகிவிடும்.

இரண்டு டாக்டரும் தப்பு சொல்லவில்லை. இரண்டு வயதுக்கு மேல், ஒரு காதில் மட்டும் லேசான வலி, காய்ச்சல் 39 டிகிரி செல்சியசுக்குக் கீழே, சீழ் இல்லை என்றால் 48 முதல் 72 மணி நேரம் வலி மருந்தோடு பொறுத்துப் பார்ப்பது சரியான முறைதான், நிறைய குழந்தைகளுக்குத் தானாகவே சரியாகிவிடும். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தை என்றால் காத்திருக்கவே கூடாது. பாராசிட்டமால் அளவு எடையைப் பொறுத்தது, கேட்டுக்கொண்டு கொடுங்கள். ஆஸ்பிரின் வேண்டவே வேண்டாம்.

கடலோரம்:
ஒன்று சேர்க்கிறேன். காதுக்குப் பின்னால் சிவந்து வீங்கினாலோ, காது மடல் முன்னால் தள்ளிக்கொண்டு வந்தாலோ, பிள்ளை துவண்டு கிடந்தாலோ இரண்டு நாள் கணக்கெல்லாம் பார்க்காதீர்கள், உடனே கிளம்புங்கள். அப்புறம், காதுக்குள் நீங்களாக எதையும் ஊற்றாதீர்கள். செவிப்பறையில் ஓட்டை விழுந்திருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

வீட்டில் யாராவது புகைபிடித்தால் தயவுசெய்து நிறுத்தச் சொல்லுங்கள், அந்தப் புகைக்கும் குழந்தைகளின் காதுத் தொற்றுக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது.

தென்றல்:
ரொம்ப நன்றி. வலது காது மட்டும்தான், காய்ச்சல் 38, சீழ் இல்லை. அப்போ பொறுத்துப் பார்க்கிறேன். இதே மாதிரி தொண்டை வலிக்கும் ஆன்டிபயாடிக் இல்லாமல் இருக்கலாமா?

வெண்மேகம்:
பெரும்பாலான தொண்டை வலி வைரஸால் வருவது, ஆன்டிபயாடிக் உதவாது. இருமலும் மூக்கொழுகலும் கூடவே இருந்தால் அநேகமாக அதுதான். இருமலே இல்லாமல் நல்ல காய்ச்சல், டான்சிலில் வெள்ளைப் படலம், கழுத்தில் நெறி கட்டி வலிப்பது என்றால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவாக இருக்கலாம், 5 முதல் 15 வயதில் இது அதிகம். தொண்டையில் பஞ்சால் தொட்டுப் பரிசோதித்து உறுதி செய்வார்கள். உறுதியானால் மருந்தைச் சொன்ன நாள் வரை முழுசாகக் கொடுக்க வேண்டும், ஏனென்றால் சரியாகச் சிகிச்சை செய்யாவிட்டால் ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வைக் கெடுக்கும் ஆபத்து உண்டு.

கடலோரம்:
வலி போன பிறகும் செவிப்பறைக்குப் பின்னால் நீர் சில வாரம் நிற்கும். கூப்பிட்டால் திரும்பவில்லை, டிவி சத்தத்தைக் கூட்டுகிறான் என்றால் அடம் என்று நினைக்காதீர்கள். மூன்று மாதம் தாண்டியும் அப்படியே இருந்தால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் கேட்கும் திறனைச் சோதித்துவிடுங்கள், பேச்சு வளரும் வயது இது.