போலீஸ் கிளியரன்ஸ் சான்றிதழ்: முகவரிச் சிக்கலுக்கு வழி தெரிந்தவர்கள் உதவவும்

மதுரை மாவட்டக் கிராமங்களில் கிராம சுகாதார செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற நான், இலங்கை நுவரெலியா மாவட்டத்தில் ஹட்டன் அருகே, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகள் படிக்கும் தமிழ்ப் பள்ளி ஒன்றில் ஆறு வாரம் ஊதியமின்றி உடல்நலப் பாடம் நடத்த ஒப்புக்கொண்டிருக்கிறேன். அக்டோபர் 15, உலகக் கை கழுவும் நாளன்று முதல் வகுப்பு. எண்ணெயில் குழைத்த மஞ்சளைப் பிள்ளைகளின் கையில் பூசி, சோப்பில்லாமல் கழுவினால் நகக்கண்ணில் அது எப்படித் தங்கிவிடுகிறது என்று காட்டப் போகிறேன்.

என் மேல் குற்ற வழக்கு ஏதும் இல்லை என்று காட்டப் பள்ளி கேட்கும் போலீஸ் கிளியரன்ஸ் சான்றிதழ்தான் கிடைக்கவில்லை. பிள்ளைகளோடு பழகப் போகிறவரிடம் அதைக் கேட்பது நியாயமே. ஆகஸ்ட் முதல் வாரத்தில் விண்ணப்பித்தேன். 2019இல் எடுத்த பாஸ்போர்ட்டில் உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராம முகவரி இருக்க, நான் இப்போது மதுரை நகரில் மகள் வீட்டில் வசிப்பதால், விசாரணை முடியாமலே நிற்கிறது. ஆதாரில் முகவரியை மாற்றிவிட்டேன், வங்கிப் புத்தகத்தின் நகலும் கொடுத்தேன், மூன்று முறை நேரில் சென்றும் வந்தேன்.

பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்காமல், இப்போதைய முகவரியை வைத்தே இச்சான்றிதழைப் பெற்றவர்கள் எந்த ஆவணத்தை எங்கே கொடுத்தீர்கள்?