போட்ட நட்சத்திரத்தை மாற்றலாமா?

மருதமலையான்: இந்துப்பும் ரத்த அழுத்தமும் பற்றிய கட்டுரைக்குப் போன மாதம் ஐந்து நட்சத்திரம் போட்டு 'அருமை' என்று எழுதிய ஆள், இப்போது சத்தமில்லாமல் அதை ஒன்றாக்கி வைத்திருக்கிறார். மொத்தமே 11 பேர்தான் மதிப்பெண் போட்டிருக்கிறார்கள். 4.6 இருந்த சராசரி 4.3க்கு இறங்கிவிட்டது. கொடுத்ததைப் பிடுங்குவது என்ன பழக்கம்? பிடிக்காவிட்டால் மறுப்பு எழுத வேண்டியதுதானே?

உப்பளத்தான்: அந்த ஆள் நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம். சாதா உப்பைவிட இந்துப்பில் சோடியம் குறைவு என்று ஒரு அட்டவணை போட்டிருக்கிறார்களே, அது ஸ்பூன் கணக்கு. தூள் உப்பு ஒரு டீஸ்பூன் ஆறு கிராமுக்குப் பக்கம் வருகிறது. உடைத்த இந்துப்பு அதே ஸ்பூனில் நாலரைதான் வந்தது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே காற்று. அதே கல்லை மிக்ஸியில் பொடித்துத் தராசில் வைத்தால் அதுவும் ஆறை நெருங்குகிறது. எடைக்கு எடை பார்த்தால் இரண்டிலும் 95 சதவீதத்துக்கு மேல் சோடியம் குளோரைடுதான். காற்றுக்கா ஐந்து நட்சத்திரம்?

மருதமலையான்: ஐந்து போட்டபோது அந்த அட்டவணை அங்கே இல்லையா?

உப்பளத்தான்: இருந்தது. மேலே 'மருத்துவர் சரிபார்த்தது' என்றும் இருந்தது. நம்பினவன் குற்றவாளி, ஸ்பூனால் அளந்தவர்கள் உத்தமர்களா?

பனங்காட்டான்: எனக்கு ஒரு சந்தேகம். இந்த நட்சத்திரம் எழுதிய நடைக்கா, சொன்ன தகவலுக்கா?

சித்தன்வழி: தூத்துக்குடிக்காரர் இந்துப்பை மட்டம் தட்டுவது ஏன் என்று யாருக்குத் தெரியாது? பெயரிலேயே உப்பளம்! இந்துப்பில் 84 தாதுக்கள் இருக்கின்றன, ஐயா.

உப்பளத்தான்: எங்கள் வீட்டில் யாருக்கும் உப்பளம் இல்லை, பாத்தியில் கூலிக்கு உப்பு வாரியவர்கள். இந்துப்பு வருகிற பாகிஸ்தானின் கேவ்ரா சுரங்கத்தில் வெட்டினாலும் எங்கள் பக்கத்து வேம்பார் உப்பளத்தில் வாரினாலும் உப்பு உப்புதான். அந்த 84-ம் சேர்ந்து எத்தனை மில்லிகிராம் என்று சொல்லுங்கள். ஸ்பூனில் வேண்டாம், எடையில்.

இரவுப்பணி: நான் நர்ஸ். நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம், அது எந்த உப்பாக இருந்தாலும். அயோடின் சேர்க்காத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்கக்கூடாது என்று 2006-இலேயே விதி வந்தது, கழுத்துக் கழலையைத் தடுக்கத்தான். அயோடினைப் பற்றி அந்தக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. கர்ப்பிணிகள் இதைப் படித்துவிட்டு உப்பை மாற்றினால் என்ன ஆகும்? அதைப் பேசுங்கள் முதலில்.

மருதமலையான்: அக்கா சொல்வது வேறு விஷயம். என் கேள்வி, ஐந்து எப்படி ஒன்றானது? மூன்றாக்கியிருக்கலாம். அட்டவணை ஒன்றுக்காக நான்கு நட்சத்திரமா?

உப்பளத்தான்: அந்த அட்டவணையை நம்பித்தானே முழுக் கட்டுரையும் நிற்கிறது? பிரஷர்காரர் 'இதில் சோடியம் குறைவு' என்று தைரியமாக இன்னும் அரை ஸ்பூன் அள்ளிப் போடுவார். அதற்கு எத்தனை நட்சத்திரம் தரலாம் என்று நீங்களே சொல்லுங்கள்.

சித்தன்வழி: கேழ்வரகு விவாதத்திலும் இவர் இப்படித்தான். களி சாப்பிட்டால் சர்க்கரை ஏறாது என்று நான் சொன்னதற்கு என்னைக் கோமாளியாக்கினார். நான் மறக்கவில்லை.

உப்பளத்தான்: ஏறாது என்று இன்னும் சொல்கிறீர்களா? களி தின்று இரண்டு மணி நேரம் கழித்து விரலில் குத்திப் பாருங்கள், அப்புறம் பேசலாம்.

சித்தன்வழி: என் பாட்டிக்குச் சர்க்கரையே இல்லை.

இரவுப்பணி: அவர் களி தின்றுவிட்டு வெயிலில் நாற்று நட்டிருப்பார். சரி, அயோடின்?

மருதமலையான்: அண்ணாச்சி, நீங்கள் எந்த ஸ்பூனில் அளந்தீர்கள்? வீட்டு எவர்சில்வர் ஸ்பூனா, மருந்துப் பாட்டிலோடு வருகிற ஸ்பூனா?

உப்பளத்தான்: இரண்டுக்கும் ஒரே ஸ்பூன்தான். அது போதும்.

மருதமலையான்: தலை தட்டினீர்களா, குவித்தீர்களா?

உப்பளத்தான்: தலை தட்டித்தான். தராசு என் வீட்டில்தான் இருக்கிறது, வாருங்கள், உங்கள் கையாலேயே அள்ளி வையுங்கள். கட்டுரை எழுதினவரையும் கூட்டி வாருங்கள்.

பனங்காட்டான்: என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

மருதமலையான்: குவித்திருந்தால் கணக்கே மாறும். தலை தட்டியதற்கு என்ன சாட்சி?

உப்பளத்தான்: அட்டவணையைக் கிராமில் போடட்டும், ஒன்றை இரண்டாக்குகிறேன். அதுவரை ஒன்றுதான்.

சித்தன்வழி: நானும் இப்போதுதான் போய் ஐந்து போட்டுவிட்டு வந்தேன்.

உப்பளத்தான்: கட்டுரையைப் படித்தீர்களா?

சித்தன்வழி: நீங்கள் எழுதியதைப் படித்தேன், போதும்.