ராயபுரத்தில் இரண்டு கிடார்: எதை வைத்துக்கொள்வது? உதவி தேவை

ராயபுரத்தான்:
வணக்கம். என்னிடம் இரண்டு மின்கிடார்கள் இருக்கின்றன. இரண்டும் பழையவையாக வாங்கியவை. ஒன்று ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகை, மூன்று சிங்கிள் காயில் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் ஒற்றைச் சுருள்). மற்றது லெஸ் பால் வகை, இரண்டு ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்). இடம் போதவில்லை, ஒன்றை விற்றுவிடு என்கிறார்கள் வீட்டில்.

ஸ்ட்ராட்டின் ஒலி தெளிவு, ஆனால் மெலிவு. ஆம்ப்ளிஃபையரைப் போட்டதுமே இரைகிறது. கம்பிகளும் கல்லைப் போல இறுகிக் கிடக்கின்றன. லெஸ் பாலில் விரல் தானாக ஓடுகிறது, நாதமும் கனம். ஆனால் ஞாயிறு ஆராதனையில் கீபோர்டோடு சேர்ந்தால் அது வாசிப்பதே தெரியவில்லை. அங்கே ஸ்ட்ராட்தான் எடுபடுகிறது. மரத்தின் குணமா இது?

வண்ணை மெக்கானிக்:
மரத்தை அப்புறம் பார்ப்போம், தம்பி. இரண்டிலும் என்ன தடிமன் கம்பி? எது புதிது? வீட்டு பிளக்கில் எர்த் இருக்கிறதா?

ராயபுரத்தான்:
முதல் கம்பி ஸ்ட்ராட்டில் 10, லெஸ் பாலில் 9 (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு), அண்ணே. லெஸ் பாலில் புதுக் கம்பி. ஸ்ட்ராட்டில் வாங்கும்போது இருந்ததேதான். தடவினால் விரலில் துரு ஒட்டுகிறது. எர்த் பற்றித் தெரியவில்லை, பழைய வீடு. கம்பியைத் தொட்டால் இரைச்சல் குறைகிறது.

வண்ணை மெக்கானிக்:
அப்படியென்றால் நீங்கள் ஒப்பிட்டது கிடாரை அல்ல, கம்பியை. ஸ்ட்ராட்டின் கம்பி நீளம் 25.5 அங்குலம், லெஸ் பாலுடையது சுமார் 24.75. ஒரே சுருதிக்கு ஏற்றினால் நீளத்தால் மட்டும் இழுவிசை 6 சதவீதம்தான் கூடும். 9-க்குப் பதில் 10 போட்டால் முதல் கம்பியில் 23 சதவீதம் கூடும். இரண்டும் சேர்ந்து 30-ஐத் தாண்டிவிட்டது. விரல் வலிக்காமல் என்ன செய்யும்? காசிமேட்டு உப்புக்காற்றில் துருப்பிடித்த கம்பியில் ஒலியும் மங்கும்.

தொட்டால் இரைச்சல் குறைகிறது என்றால் கிடாருக்குள் பிரிட்ஜுக்கு (கம்பிகளை உடலில் தாங்கும் உலோகப் பாகம்) போகும் எர்த் ஒயர் சரியாக இருக்கிறது என்று பொருள். மீதி இரைச்சல் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தினுடையது. டியூப்லைட் சோக், ஆம்பின் டிரான்ஸ்ஃபார்மர் இரண்டையும் விட்டு விலகி, உட்காரும் திசையை மாற்றிப் பாருங்கள். பிளக்கின் மூன்றாவது பின்னை எடுத்துவிடு என்று எவராவது சொன்னால் கேட்காதீர்கள். எர்த் இல்லாத ஆம்பில் கோளாறு வந்தால், கம்பியில் கையும் மைக்கில் உதடும் படும் நேரத்தில் ஷாக் அடிக்கும், உயிருக்கே ஆபத்து. எலக்ட்ரீஷியனை உடனே அழையுங்கள்.

வியாசை வாசிப்பாளர்:
ஸ்ட்ராட்டில் பிக்கப்பைத் தேர்ந்தெடுக்கும் ஐந்து நிலை சுவிட்சை 2, 4-இல் வைத்துப் பாருங்கள் நண்பரே. நடு பிக்கப்பின் சுருள் எதிர்த்திசையில் சுற்றியதாக இருந்தால் அந்த இரண்டில் மட்டும் இரைச்சல் அடங்கும். ஹம்பக்கரில் இரண்டு சுருள் செய்வதும் அதே வேலைதான்.

பெரம்பூர் பெரியவர்:
ஹம்பக்கர் சத்தமாகவே வரும். சத்தம் கூடியதைக் காது "நல்லது" என்று எடுத்துக்கொள்ளும். ஆம்பில் இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்த பிறகே தீர்ப்புச் சொல்லுங்கள்.

ஆராதனையில் லெஸ் பால் காணாமல் போவதற்குக் காரணம், கீபோர்டுக்காரரின் இடது கை அதே தாழ்ந்த ஸ்வரங்களை வாசிப்பது. பிரிட்ஜ் பிக்கப்புக்கு மாறுங்கள், பாஸைக் குறைத்து மிடிலை ஏற்றுங்கள். வீட்டில் தனியாகக் கேட்டால் அசிங்கமாகத்தான் இருக்கும், கூட்டத்தில் எடுபடும். லெஸ் பால் 1952-இல் வந்தபோது அதில் ஹம்பக்கரே இல்லை, 1957-இல்தான் ஏறியது. எனவே "லெஸ் பால் ஒலி" என்று நீங்கள் நினைப்பதில் பெரும்பங்கு பிக்கப்புடையது.

ராயபுரத்தான்:
நன்றி ஐயா, அண்ணே. ஸ்ட்ராட்டில் புது 9 போட்டேன். விரலுக்கு இப்போது பெரிய வித்தியாசம் இல்லை, ஒலியும் பளிச்சென்று இருக்கிறது. திசை மாற்றியதில் இரைச்சல் பாதியானது. ஆனால் எல்லாக் கம்பியும் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகக் கோடுகளில்) பட்டுச் சலசலக்கிறது. பிரிட்ஜ் பின்பக்கம் உடலோடு ஒட்டிக்கொண்டது.

வண்ணை மெக்கானிக்:
கம்பியின் இழுப்பு குறைந்ததால், பிரிட்ஜை எதிர்ப்பக்கம் இழுக்கும் ஸ்பிரிங் வென்றுவிட்டது. பின்மூடியைக் கழற்றினால் ஸ்பிரிங்குகளைப் பிடித்திருக்கும் தகட்டில் இரண்டு திருகுகள் தெரியும். இரண்டையும் கால் சுற்றுத் தளர்த்துங்கள், சுருதி சேருங்கள், பாருங்கள். பழைய இடைவெளி வரும்வரை இதையே திரும்பச் செய்யுங்கள். பிறகும் சலசலத்தால் கழுத்துக்குள் அதன் வளைவைச் சரிசெய்ய இருக்கும் இரும்புக் கம்பியைத் (டிரஸ் ராட்) திருக வேண்டும். அதைப் பழக்கமில்லாமல் தொடவேண்டாம், கடைக்கு எடுத்து வாருங்கள். எலக்ட்ரீஷியன் வந்தாரா?

ராயபுரத்தான்:
நாளை வருகிறார், அண்ணே. அதுவரை மைக் பக்கம் போகமாட்டேன். எதை விற்பது என்பதை எர்த் வேலை முடிந்து, இரண்டையும் ஆராதனையில் வாசித்த பிறகு பார்க்கிறேன்.